வலது பக்கத்தில் ஒரு வரி

எங்கள் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் என்போம். மரியாதை காட்ட வேண்டியவர்கள் ஸ்கேலம்மா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஓர் இரும்பு ஸ்கேலோடு வந்தாள். இருபத்தாறு வருஷமாக அதே ஸ்கேல்தான். கணினி வந்து கோடுகளைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகும் அவள் அதை விடவில்லை. அச்சாகி வந்த தாளில் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்துதான் படிப்பாள். அவளுக்கு எதிர் மேஜை என்னுடையது. வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் எண் போடுவது என் வேலை. அந்த ஸ்கேல் மேஜைக் கண்ணாடியில் உரசுகிற சத்தத்தை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டவள் நான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ராணுவத் தலைமையகத்தில் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கண்ணை விரிப்பார்கள். பீரங்கியை நாங்கள்தான் துடைத்து வைக்கிறோம் என்று நினைப்பு. எங்கள் அறையில் இருந்தது மூன்று பீரோ, சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு ஏசி, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்த ஒரு ஜன்னல். எங்கள் பிரிவின் வேலை பதவி அட்டவணை. நாட்டில் இருக்கிற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு தாள் உண்டு. அதில் என்னென்ன பணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் என்று வரி வரியாக இருக்கும். தாளின் இடது பக்கம் சமாதான காலத்துக்கு. வலது பக்கம் போர்க்காலத்துக்கு. ரொட்டி சுடுகிறவருக்கு இரண்டு பக்கமும் ரொட்டிதான். லாரி ஓட்டுகிறவர் இடது பக்கத்தில் காய்கறி ஏற்றுவார், வலது பக்கத்தில் குண்டு ஏற்றுவார். சிலருக்கு வலது பக்கத்தில் வெறும் ஒரு கோடு இருக்கும். போர் வந்தால் இவர்களுக்கு வேலை இல்லை, முகாமிலேயே இருக்கட்டும் என்று அர்த்தம்.

"ராணுவம்னா ஆளுங்க இல்லடி, இடங்க" என்பாள் ஸ்கேல். "ஆளு வருவான், போவான். இடம் அப்படியே இருக்கும்."

அந்த இடங்களைப் பற்றி ஒரு விதி இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற எதுவும் புரியாது. அட்டவணையில் ஒரு வரியைச் சேர்க்க ஒரே ஒரு கையெழுத்து போதும். எங்கள் பிரிவு மேஜர் போட்டால் முடிந்தது. ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால் ஏழு அலுவலகங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றும் 'இந்தப் பணி எங்களுக்குத் தேவையில்லை' என்று எழுதியும் தர வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே தேவைப்பட்டால் யார் தலை உருளும்? அதனால் யாரும் எழுத மாட்டார்கள்.

நாங்கள் சேர்ந்த வருஷம் மலைப் படைப்பிரிவுகளில் கோவேறு கழுதைகளை நிறுத்திவிட்டு லாரி கொடுத்தார்கள். கழுதைகள் ஒரே வாரத்தில் போய்விட்டன. லாடம் அடிப்பவருடைய வரி மட்டும் போகவில்லை. நாலு கையெழுத்து வாங்கிய தாள் ஐந்தாவது அலுவலகத்தில் தூங்கிவிட்டது. அந்த மனிதர் மூன்று வருஷம் தினமும் சுத்தியலோடு வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிகாரிகளின் நாற்காலிக் கால்களைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்து ஓய்வு பெற்றார். அவர் போன பிறகும் வரி இருந்தது. வருஷா வருஷம் அந்தத் தாளை அச்செடுக்கும்போதெல்லாம் ஸ்கேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும்தான் சிரித்தேன்.

சேர்ப்பதற்கோ பஞ்சமே இல்லை. நாங்கள் வந்தபோது அட்டவணையில் பாதிக்கு மேல் காலாட்படை. பிறகு எல்லை அடங்கியது. சும்மா இருக்கிற பட்டாளத்தை அரசாங்கம் சும்மா விடுமா? வெள்ளம் வந்தால் படகு ஓட்டுகிறவர் என்று ஒரு வரி. காட்டுத்தீ அணைக்கிறவர் என்று ஒரு வரி. இடிபாட்டில் ஆளைத் தேடும் நாய், அந்த நாய்க்கு ஒரு மருத்துவர். வெளிநாட்டில் போய் அமைதி காக்கிறவர்கள், அவர்களோடு ஒரு மொழிபெயர்ப்பாளர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்த வருஷம், மூன்று படைக்கும் மூன்று அளவுத் தாள் என்பதால் எந்தப் பீரோவிலும் எதுவும் அடங்கவில்லை. ஆளில்லா விமானம் வந்தபோது, அதை உட்கார்ந்த இடத்திலிருந்து இயக்குகிறவனை விமானி என்று போடுவதா, கணினி ஆள் என்று போடுவதா என்று இரண்டு மாதம் சண்டை. அத்தனையையும் ஸ்கேல்தான் வரி பிரித்து எழுதினாள். இந்த நாட்டு ராணுவம் என்னவாக இருந்து என்னவாக மாறியது என்று எந்தத் தளபதியைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்தது வாசல் காவலாளியின் தோளில் மட்டும்தான்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினைந்து. அப்பா தபால்காரர், ஊருக்கெல்லாம் கடிதம் கொடுப்பாரே தவிர, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அதனால் தம்பியைக் குளிப்பாட்டியதும் அடித்ததும் பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கியதும் இவள்தான். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டான். ஆனால் பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். "வாசிக்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்று பல்லைக் காட்டுவான். அதில் ஒரு வெட்கமும் அவனுக்குக் கிடையாது.

ஒரு நாள் ராணுவ பேண்டின் தாளை அச்செடுக்கும்போது அவள் ஸ்கேல் ஒரு வரியில் நின்றது. மொத்தம் இருபத்துநாலு பேர். கிளாரினெட் ஆறு, இருப்பவர் ஐந்து. வலது பக்கத்தில் வெறும் கோடு. அந்தத் தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் விரித்தாளாம்.

"பட்டாளத்துக்கா அனுப்பப் போற?" என்றாராம் அவர்.

"இது வாத்தியம் வாசிக்கிற வேலைப்பா. இங்க பாருங்க, வலது பக்கம் கோடு போட்டிருக்கு. சண்டையே வந்தாலும் இவங்களைக் கூப்பிட மாட்டாங்க. இதைவிடப் பத்திரமான இடம் நாட்டிலயே கிடையாது. நான் எல்லாத் தாளையும் பார்த்தவ."

அது அன்றைக்கு உண்மை. அவள் பொய் சொல்லவில்லை.

தம்பி சேர்ந்தான். அணிவகுப்பு, மந்திரி வருகை, ராஜமரியாதை என்று வாசித்தான். பேண்டிலேயே பெரிய டிரம் அடிக்கிற ஒருவரோடு ஒட்டிக்கொண்டான். ஆளும் டிரம் மாதிரியே இருப்பார். எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்குப் பெண் பார்த்ததே டமாரம்தான், அவருடைய மச்சினி. கல்யாணத்தில் பேண்டு முழுக்க வந்து வாசித்ததில் மண்டபத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்கேல் அன்றைக்கு அழுததைப் பார்த்து, இவளுக்குக்கூடக் கண்ணீர்ப் பை இருக்கிறதா என்று நான் கிண்டல் செய்தேன்.

அவன் சேர்ந்து ஏழாவது வருஷம் ஒரு சீர்திருத்தக் குழு வந்தது. ராணுவத்தை இளைக்க வைக்கிற குழு. வலது பக்கத்தில் கோடு இருக்கிற வரியெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும், அரசாணையே வரும், ஏழு கையெழுத்துத் தேவையில்லை என்றார்கள். போர்க்காலத்தில் உதவாதவர்கள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. பேண்டில் இருபத்துநாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தம்பி மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

அன்றைக்கு ஸ்கேல் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுடி. நான் எதையும் கத்துக்கொடுக்கலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னேன்: "மூணாவது பீரோல பழைய அட்டவணையெல்லாம் கிடக்குதே. முன்ன காலத்துல போர் வந்தா பேண்டுக்காரங்க என்ன பண்ணாங்கன்னு பாரேன். எதையாவது பண்ணியிருப்பாங்க இல்ல?"

சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் தூசியில் தும்மித் தும்மித் தேடினோம். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு தாளில் கிடைத்தது. போர்க்காலத்தில் பேண்டுக்காரர்கள் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர் அதை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருக்கிறார். ஏழு கையெழுத்தை எப்படித்தான் வாங்கினாரோ.

திங்கட்கிழமை ஸ்கேல் அந்தக் கோட்டை அடித்துவிட்டு, 'காயம்பட்டோரைத் தூக்கி வரும் பணி, 24' என்று எழுதினாள். கூடவே ஒரு பக்கத்துக்கு விளக்கம். அவள் எழுதியதிலேயே அழகான பக்கம் அது. நான் எண் போடுவதற்கு முன் இரண்டு தடவை படித்தேன். பேண்டுக்காரர்கள் எடையைச் சுமந்துகொண்டே ஒரே அடியில் நடக்கத் தெரிந்தவர்கள். நீண்ட மூச்சுப் பழக்கம் உள்ளவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து இயங்குகிறவர்கள். சத்தத்துக்குப் பதறாதவர்கள். இப்படியே போகும் அது. தம்பியைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் கொட்டியிருந்தாள்.

மேஜர் ஒரே கையெழுத்துப் போட்டார். குழுவுக்கு வாயெல்லாம் பல். இப்படியல்லவா ஒவ்வொரு பிரிவும் யோசிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தை மற்ற பிரிவுகளுக்கும் நகலெடுத்து அனுப்பினார்கள். பேண்டு பிழைத்தது. அந்த வரியை யார் எழுதினார்கள் என்று தம்பியிடம் அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அப்பாவிடம் தாளை விரித்தது ஒன்றைத் தவிர, அலுவலக விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்பதில் அவள் ரொம்பக் கண்டிப்பு.

வருஷத்துக்கு இரண்டு நாள் பேண்டுக்காரர்களுக்கு ஸ்ட்ரெச்சர் பயிற்சி வைத்தார்கள். அதை வந்து தம்பி நடித்துக் காட்டுவான். காயம்பட்டவனாகப் படுக்க எப்போதும் டமாரம்தான் முந்திக்கொள்வாராம், படுத்திருந்தால் போதுமே. அவரைத் தூக்க நாலு பேர் போதாது. "நாலு தடவை கீழ போட்டோம்கா. கடைசில அவரே எழுந்து நடந்து வந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்துல படுத்துக்கிட்டாரு!" நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். அவள் அப்பாகூடச் சிரித்தார்.

அடுத்த நாலு வருஷம் அப்படியே போனது. பிறகு எல்லையில் சண்டை வந்தது.

எங்கள் அறைக்கு அது ஒற்றை வரியாகத்தான் வந்தது: 'திங்கள் முதல் கீழ்க்கண்ட பிரிவுகளுக்கு வலது பக்கம் நடைமுறைக்கு வருகிறது.' நான் எண் போட்டு அவள் மேஜையில் வைத்தேன். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தாள். பதினோராவது வரியில் பேண்டு. அதற்கு மேல் ஸ்கேல் நகரவில்லை.

நேராக மேஜரிடம் போனாள். கூட நானும் போனேன். மேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது ஒருவர் கிடைத்திருப்பார்.

"அந்த வரியை எடுத்துடலாம் சார். அது நான் எழுதினது. பேண்டை நிறுத்துறாங்களேன்னு எழுதினது."

"அம்மா, சேர்க்கணும்னா இப்பவே போட்டுத் தரேன். எடுக்கிறதுன்னா உங்களுக்கே தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு எந்த அலுவலகம் ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வேண்டாம்னு எழுதித் தரும்? உத்தரவு வரப்போகுதுன்னு தெரிஞ்சு போன வாரமே உங்க பக்கத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். மேலிடத்துக்குப் பதில் சொல்ல ஒரு ஓட்டை கிடைக்குமான்னு தேடினேன். ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க."

தம்பியை மட்டுமாவது கழற்றிவிடப் பார்த்தாள். ஆமாம், பார்த்தாள். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, நான்தான் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். இசைப் பள்ளியில் ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. இடமாற்றப் படிவம் போன வேகத்தில் திரும்பி வந்தது: வலது பக்கம் நடைமுறையில் இருக்கும்வரை இடது பக்க இடங்கள் எதுவும் இருப்பதாகக் கொள்ளப்படாது. அதோடு, அவன் நகர்ந்தால் அந்த இருபத்துநாலில் இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இடம் அப்படியே இருக்குமே. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

கிளம்புகிற அன்று பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைச் சாமான் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. தம்பி தன் ரசீதை அக்காவிடம் கொடுத்தான். "நீ வச்சிருக்கா. உங்கிட்டதான் காகிதம் தொலையாது." அவள் அதை ஸ்கேல் வைக்கிற உறைக்குள் மடித்து வைத்தாள்.

அதிலிருந்து காலை பத்து மணி எங்களுக்குப் பிடிக்காத மணியாகிவிட்டது. களத்திலிருந்து ஒவ்வொரு பிரிவும் அந்த நேரத்தில் தொலைபேசியில் தன் ஆள் எண்ணிக்கையைச் சொல்லும். ஸ்கேல்தான் எழுதுவாள். அந்த இணைப்பில் எண்ணைத் தவிர எதுவும் பேசக் கூடாது. நலமா என்றுகூடக் கேட்கக் கூடாது. யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று பயம். அங்கிருந்து எண்ணைச் சொல்வார்கள், இங்கிருந்து அதைத் திருப்பிச் சொல்லி 'குறிச்சாச்சு' என்று வைத்துவிட வேண்டும். பெயர்கள் எங்களுக்கு வராது. அவை வேறு அலுவலகத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்து, குடும்பத்துக்குச் சொல்லும் அன்றுதான் எங்களிடம் வரும்.

பேண்டு: இருபத்துநாலு. இருபத்துநாலு. மூன்று வாரம் இருபத்துநாலு. அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அவள் காலையில் டீயையே தொடுவாள்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "இருபத்துமூணு" என்றாள். "குறிச்சாச்சு" என்றாள். வைத்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து மாற்று ஆள் கோரும் படிவத்தை எடுத்தாள். எண்ணிக்கை குறைந்த அன்றே, பன்னிரண்டு மணிக்குள், அந்தப் படிவம் போய்விட வேண்டும்.

"இருடி" என்றேன் நான். "யாருன்னு தெரியட்டும். ரெண்டு நாள் பொறு. தலையா போயிடும்?"

"யாருன்னு தெரிஞ்சா என்ன மாறப் போகுது? இடம் காலி. ஆளில்லாம மூணு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்குவாங்களா?"

காரணம் என்ற இடத்தில் விடுப்பு, நோய், பிற என்று மூன்று இருக்கும். 'பிற' என்பதை வட்டம் போட்டாள். இசைப் பள்ளியின் கடைசி வருஷ வகுப்பிலிருந்து அடுத்த பெயரைக் கேட்டிருந்தாள். நான் அதற்கு எண் போட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினேன், மேஜை அதிர்ந்தது.

சனிக்கிழமை பெயர் வந்தது. டமாரம்.

ஸ்கேல் எழுந்து கழிவறைக்குப் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சந்தோஷமா இருந்துச்சுடி" என்றாள். "ஒரு நிமிஷம். சத்தியமா சந்தோஷமா இருந்துச்சு. அவர்தான் என் தம்பிக்குப் பொண்ணு பார்த்தவர்." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். பேண்டுக்காரர்களின் பணி எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்துள்ளது. எனவே அந்த வரியை இடது பக்கத்திலும் சேர்க்கவும். அதாவது சண்டை முடிந்தாலும் அவர்கள் ஸ்ட்ரெச்சர்க்காரர்கள்தான். கடிதத்தோடு ஸ்கேலுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ், கெட்டி அட்டையில். சேர்ப்பதுதானே, ஒரே கையெழுத்து. அவள்தான் வரியை எழுதினாள், மேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே தம்பி ஆறு நாள் விடுப்பில் வந்தான். நான் அதே குடியிருப்பில் மேல் மாடி. பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கிப் போனேன். சமையலறையில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான் என்று சொல்ல முடியாது, தோள் அகன்றிருந்தது. கன்னம்தான் ஒட்டியிருந்தது. ஸ்கேல் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"டமாரம் அண்ணன் விழுந்தப்ப நாங்கதான்கா தூக்கினோம்" என்றான். "ரெண்டு மைல். பயிற்சில நாலு தடவை கீழ போட்டோமே, அன்னைக்கு ஒரு தடவைகூடப் போடல. ஆடக்கூட இல்ல. நடக்கும்போது எப்பவும் அவர்தான் எங்களுக்குத் தாளம். அன்னைக்குத் தாளம் இல்லாமலே ஒரே அடியில நடந்தோம். கூடாரத்துல இறக்கி வச்சப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, பாதி வழியிலயே போயிட்டாருன்னு."

குழாய் சரியாக மூடியிருக்கவில்லை; நான் போய் மூடினேன்.

"அங்க ஒரு பக்கம் ஒட்டி வச்சிருக்காங்க. நாங்க ஏன் இந்த வேலைக்குப் பொருத்தம்னு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே சேர்ந்து இயங்குறவங்களாம். மூச்சு இருக்குதாம். படிச்சா நம்மளைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் எழுதின மாதிரியே இருக்கு." கசப்பாகச் சிரித்தான். "எங்க எல்லாருக்கும் ஒரே ஆசைதான்கா. சண்டை முடிஞ்சதும் அதை எழுதினவனைத் தேடிப் போய் ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு, ரெண்டு மைல் தூக்கிட்டுப் போகணும்."

ஸ்கேல் அடுப்பை அணைத்தாள். திரும்பினாள்.

"நான்தான்டா எழுதினேன்."

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு அவள் குழுவைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் பழைய பீரோவைப் பற்றியும் சொன்னாள். பீரோ யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நீயா எழுதின?" என்றான். "அப்ப நீயே எடுத்துடலாமே!"

"டேய்..."

"நீ எழுதினதுதானேக்கா. நீயே அடிச்சிடு. திரும்பக் கோடு போட்டுடு. நாளைக்கே."

சின்ன வயதில் கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டி, மிஸ்ஸிடம் சொல்லி மார்க்கை மாற்று என்று கேட்ட அதே பையன். அக்கா போனால் எதுவும் நடக்கும் என்று அவனுக்குப் பழக்கியதும் அவள்தான். ஏழு கையெழுத்து, இடது பக்கம், கெட்டி அட்டைச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவள் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சரிடா" என்றாள். "எடுத்துடறேன். சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆறு நாள் கழித்து, "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், எங்கக்கா எடுத்துடுவான்னு" என்று சிரித்துக்கொண்டே ரயில் ஏறினான்.

அவள் படிவத்தைப் போட்டாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே போட்டாள். மேஜர் முதல் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். அது அவருடைய பெரிய மனசு. இரண்டாவது மருத்துவப் பிரிவு. ஒன்பது நாளில் திரும்பியது: 'தற்போதைய சூழலில் பரிசீலிக்க இயலாது.' மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது. ஒவ்வொரு தடவையும் போகும்போது ஓர் எண், வரும்போது ஓர் எண் நான் போட்டேன். நேரில் போய் நின்றாள். அந்த அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் எங்கள் கண் முன்னால் அவள் வயதாகிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் களத்தில் தம்பிக்கு முழங்கால் சுளுக்கிக்கொண்டது. பத்து நாள் நடக்கக் கூடாது என்று அவனைத் தொலைபேசிக் கூடாரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது, பிறகு வந்த அவன் கடிதத்தில்தான் தெரிந்தது. ஒரு நாள் பத்து மணிக்கு ரிசீவரை எடுத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அறையில் சத்தமே இல்லாததால் அவன் குரல் எனக்கும் கேட்டது.

"பேண்டு, இருபத்துநாலு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவனும் வைக்கவில்லை. எண்ணைத் தவிர எதுவும் பேசக் கூடாது, இரண்டு பேருக்கும் தெரியும். அவன் கேட்கிறான் என்று எனக்கே புரிந்தது. எடுத்தாச்சா அக்கா என்று கேட்கிறான்.

"இருபத்துநாலு" என்றாள். "குறிச்சாச்சு."

பத்து நாளும் இப்படியே. அவன் எண்ணைச் சொல்வான், சொல்லிவிட்டுக் காத்திருப்பான். அவள் குறிச்சாச்சு என்பாள். அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டதாக எனக்குத் தோன்றியது. வைத்துவிட்டு அவள் ஸ்கேலை உறையிலிருந்து எடுப்பாள். அதோடு ரசீதும் வெளியே வரும், திரும்ப உள்ளே தள்ளுவாள். படிவத்தை எடுத்துக்கொண்டு மருத்துவப் பிரிவுக்குப் போவாள்.

பதினோராவது நாள் குரல் மாறியது. தம்பியின் முழங்கால் சரியாகிவிட்டது, மறுபடி ஸ்ட்ரெச்சருக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் வேறு யாரோ, எங்களுக்குத் தெரியாத ஒரு பையனின் குரல். இசைப் பள்ளியிலிருந்து நாங்கள் கேட்டு வாங்கியவனாகக்கூட இருக்கலாம்.

"பேண்டு, இருபத்துநாலு" என்றான்.

சொல்லிவிட்டு, அவனும் வைக்காமல் காத்திருந்தான்.